உப்பில்லா விரதமும் லித்தியம் மாத்திரையும்

எண்பதுகளின் இறுதியில், அருப்புக்கோட்டையில் மளிகைக்கடை நடத்திவந்த என் அண்ணனுக்கு மதுரை மருத்துவர் ஒருவர் லித்தியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதற்கு முன் அண்ணன் உறக்கமே இல்லாமல், விற்க வழியற்ற மிளகாய் வற்றலை லோடு லோடாக இறக்கிய மாதங்கள் உண்டு. கடையே திறக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாதங்களும் உண்டு. மாத்திரை அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டுப்படுத்தியதே அன்றி, அவர் சிரிப்பையோ கோபத்தையோ பறிக்கவில்லை. அதைப் பைத்திய மாத்திரை என்று, பரளச்சியிலிருந்து வந்திருந்த மாமா ஒருமுறை சொன்னார். பட்டிமன்ற மேடைகளில் எதிரணியை வாயடைத்துப் பழகியவன் நான். அவர் கடைசி பஸ்ஸுக்கு ஓடும்வரை விடவில்லை.

அண்ணன் குணமானால், பங்குனிப் பொங்கலுக்கு உப்பில்லாமல் உண்டு தீச்சட்டி எடுப்பார் என்று அம்மா அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். குணமானவர் மனநிறைவோடு காப்புக் கட்டிக்கொண்டார். வெயில் கொளுத்தியது. கஞ்சியில் உப்பில்லை, மாத்திரை மட்டும் தவறவில்லை. சில நாட்களில் தராசு பிடித்த கை நடுங்கியது. கோயிலுக்கு நடக்கையில் கால் பின்னி, நாக்குக் குழறியது. சாமி வந்துவிட்டது என்று தெருவே கைகூப்பியது; அம்மா அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். அவர் தம்ளரைப் பிடிக்க முடியாமல் தவித்ததையும் வாந்தி எடுத்ததையும் பார்த்திருந்தவள் மதினி மட்டுமே.

"சாமி வந்தா வாந்தி எதுக்குத் தம்பி வருது? வண்டிய வரச்சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

மதுரையில் ரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர், லித்தியமும் ஒருவகை உப்புதான் என்று விளக்கினார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால், சிறுநீரில் வெளியேற வேண்டிய லித்தியத்தை உடம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். வெயிலில் வியர்வை கொட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். அளவு மீறினால் மருந்தே நஞ்சு. மாத்திரையை நிறுத்திவிட்டு சலைன் ஏற்றினார்கள். அண்ணன் தெளிந்ததும், அளவைக் குறைத்து மறுபடி தொடங்கலாம் என்றார் மருத்துவர். உப்பை மட்டும் விடக்கூடாது.

அம்மா மறுத்தாள். நஞ்சானதை மறுபடி கொடுக்க மாட்டாள்; விரதத்தை முறிக்கவும் விடமாட்டாள், முறித்தால் அம்மன் கொடுத்த குணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வாளாம். நான் காரணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தலையசைத்தார். அம்மா அசையவில்லை.

அப்போதுதான் அண்ணன் வாய் திறந்தார். "சாவுக்குப் பயமில்லம்மா. மாத்திரை இல்லாமப் பழையபடி ஆயிருவேனோன்னுதான் பயமா இருக்கு."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மதினி அருகில் உட்கார்ந்தாள். "நேந்தது நீங்கதான அத்தை? உப்ப நீங்க விடுங்க. அவுகளுக்கு நான் போட்டுத் தாரேன். ஆத்தா என்ன, ஆளுக்கொரு கணக்கா வச்சிருக்கா?"

அழுகைக்கு நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊர் திரும்பி, மாத்திரை மறுபடி தொடங்கிய காலையில், அண்ணனின் கஞ்சியில் அம்மாவே உப்பைப் போட்டுக் கலக்கினாள். விரதம் இப்போது அவளுடையது. ருசி பார்க்க முடியாது. அகப்பையை மதினியிடம் நீட்டினாள்.

"உப்புக் காணுமா, இன்னும் போடணுமான்னு பாரு."