கவரோடு நட்ட செடிகள்

எங்கள் அம்மா பிறவியிலேயே சந்தேகப் பிராணி. மேற்கு மாம்பலத்துக் காய்கறிக் கடைகளில் கூடையின் அடிவரை கைவிட்டுக் கத்திரிக்காய் எடுக்கும் ஒரு பெண்மணியை நீங்கள் பார்த்திருந்தால் அது அவளாகத்தான் இருக்கும். சுற்றுச்சூழல் ஆய்வாளர் வேலைக்கு அவளை எடுத்தவர்கள் ஆள் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அரைப் பரீட்சை விடுமுறையில் ஒருநாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், என்னையும் அலுவலக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனாள். கரி எடுத்து முடித்த பள்ளத்தை மூடி, மேலே நல்ல மண் பரப்பி மரம் வைத்திருக்கிறார்களா என்று அவள் பார்க்க வேண்டும். சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பக்கத்து வயல்களில் அடுத்த பள்ளம் தோண்டலாம். எனக்கு அன்றைக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அதைச் சொன்னவர் பட்டினப்பாக்கத்து டிரைவர் மாமா.

“இன்னா பாப்பா, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? கெஸ்ட் ஹவுஸ்ல பிரியாணி, ஐஸ்கிரீம் எல்லாம் ரெடியா கீதாம்.”

ஆய்வுக்குப் போகிற இடத்தில் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். “புளிசாதம் கட்டிண்டு வந்திருக்கேன், போதும்” என்றாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

சுரங்க மேலாளர் சாலையோரமாக ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பச்சைப் பசேலென்று நின்ற வேம்புகளைக் காட்டினார். அம்மா தலையாட்டிவிட்டு, சாலை போகாத பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். உச்சி வெயிலில் நானும் மேலாளரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் போனோம். கடைசியில் ஓரிடத்தில் குந்தி, பையிலிருந்து களைக்கொத்தை எடுத்துத் தோண்டினாள். ஒரு முழமாவது நல்ல மண் இருக்கவேண்டிய இடத்தில் நாலு விரல்கூட இல்லை. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண்.

பசியிலும் கோபத்திலும் நான் பக்கத்திலிருந்த புங்கங்கன்றைப் பிடித்து இழுத்தேன். அது கையோடு வந்துவிட்டது, நர்சரியின் கறுப்பு பிளாஸ்டிக் கவரோடு. எனக்கு உயிரே போய்விட்டது. அரசாங்கத்துச் செடியைப் பிடுங்கிவிட்டோம், இனி ஜெயில்தான் என்று நினைத்து, அதைக் குழிக்குள் திரும்பச் சொருகி மறைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பார்த்துவிட்டாள். எழுந்து வந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த கன்றை இரண்டு விரலால் தூக்கினாள். அதுவும் கவரோடு வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. ஆய்வு என்று கேள்விப்பட்டு முந்தைய நாள் ஒரே பொழுதில் நட்டிருக்கிறார்கள். கவரைக் கிழிக்கக்கூடப் பொறுமையில்லை. நானோ, பழி என்மேல் மட்டும் விழக்கூடாதென்றுதான் அவளும் பிடுங்குகிறாள் என்று நம்பினேன். பிரியாணிக் கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது. அப்படி ஒரு தைரியசாலியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இன்றுவரைக்கும் பார்க்கவில்லை.

“லேபர் பசங்க அவசரத்துல...” என்று இழுத்த மேலாளர், பிறகு குரலைத் தாழ்த்தி அன்பாகவே கேட்டார்: “மேடத்துக்கு மாம்பலத்துல சொந்த வீடுல்ல? பாப்பா ஸ்கூலும் அங்கதான். குடும்பத்தோட ஒரே ஊர்ல இருக்கிறது பெரிய கொடுப்பினை மேடம்.”

“ஸ்கூல் எல்லா ஊர்லயும் இருக்கு சார். அடுத்த வரிசைக்குப் போலாமா?”

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிற மனிதரிடம் அம்மா ஏன் வெடுக்கென்று பேசுகிறாள் என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கையெழுத்துப் போடாமலே ஜீப்பில் ஏறினாள். வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, டிரைவர் மாமாவும் நாங்களும் புளிசாதம் சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தெற்குக் கோடியில் ஏதோ ஓர் ஊர். அப்பாவுக்கு தி. நகரில் வேலை என்பதால் அவள் மட்டும் தனியாகப் போக வேண்டும். அன்றைக்கு அப்பா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார். நன்றாக வேலை பார்த்ததற்காக அம்மாவை இன்னும் பெரிய இடத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டி, வகுப்பு முழுவதற்கும் சாக்லேட் கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்து கொடுத்தாள்.

“டீச்சருக்கு ரெண்டாக் குடு” என்றாள்.