அம்மாவின் முதல் வோட்

இன்று காலை கடிதப் பெட்டியில் கிடந்த தேர்தல் துண்டுப் பிரசுரத்தில் அச்சு மை இன்னும் மணத்தது. அந்த மணத்துக்கு எனக்கு ஓர் இடமுண்டு: நோபல் பார்க் ஸ்டேஷனுக்கு எதிரே, பழைய இறைச்சிக் கடையொன்றில் எலேனா அன்ரி நடத்திய அலுவலகம். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

சிலியிலிருந்து அகதியாக வந்து, எங்கள் நகரசபைக்குத் தெரிவான முதல் லத்தீன் அமெரிக்கப் பெண் அவர். மன்னாரிலிருந்து வந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை சண்டை பிடித்தவர். அதனால் அம்மா சனிக்கிழமைதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், இறைச்சிக் கடையின் வெள்ளை ஓடு பதித்த சுவரோரம், ஃபோட்டோகொப்பி மெஷினின் சூடு முதுகில் பட உட்கார்ந்து, பிரசுரங்களை மூன்றாக மடித்து, மடிப்பைக் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி அடுக்குவார். வீடு திரும்பும்போது விரல்நுனிகள் கறுத்திருக்கும்.

அம்மாவுக்கு அப்போது குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை.

"மரியா, உன் வோட்டை வாங்காமல் நான் ரிட்டையர் ஆக மாட்டேன்" என்று எலேனா அன்ரி அம்மாவை ஆங்கிலத்தில் சீண்டுவார்.

"பொறுங்கோ, வாறன். முதல் வோட் உங்களுக்குத்தான்" என்று அம்மா தமிழிலேயே சொல்லிச் சிரிப்பார்.

குடியுரிமை கிடைத்த வருடம் எலேனா அன்ரி இல்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் புற்றுநோயில் இறந்திருந்தார். நகரசபைத் தேர்தலுக்காகத் தபாலில் வந்த வாக்குச்சீட்டை அம்மா குசினி மேசையில் விரித்து, வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே தானே ஒரு பெட்டி வரைந்து, அதில் முதல் விருப்பு என்பதற்கான 1 ஐப் போட்டு, பக்கத்தில் எலேனாவின் முழுப்பெயரை எழுதினார்.

"அம்மா, இது செல்லாது."

"தெரியும் பிள்ளை. முதல் வோட் அவவுக்கெண்டு சொன்னனான்."

சீட்டை மூன்றாக மடித்து, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி, உறையில் வைத்தார்.