ஆட்டோவில் வந்த ஆர்மோனியம்

எபினேசர் அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

மாரடைப்பு. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்... பலனில்லை.

ஆம்பூரில் எங்கள் டிரஸ்ட் வருஷா வருஷம் நடத்தும் இசை விழாவுக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தேவாரமோ, கர்நாடகக் கீர்த்தனையோ, சர்ச் ஞானப்பாட்டோ, யார் பாடினாலும் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான்.

பகலில் ஷூ கம்பெனி, ஃபினிஷிங் செக்‌ஷன். நானும் அங்கேதான். ஷிப்ட் முடிந்து நேராக மேடைக்கு வருவார், விரலெல்லாம் ஷூவுக்குப் பூசும் கறுப்புச் சாயம்...

"கை கழுவலியாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கழுவிட்டுதான்டா வந்தேன். வேணும்னா கறுப்புக் கட்டைய மட்டும் வாசிக்கிறேன், போ."

விழா மண்டபத்தை ஒட்டியே மசூதி. சாயந்திரம் பாங்கு சொன்னால் பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் நிற்கும். எங்கள் மேடையில் அது வழக்கம்.

ஒரு வருஷம் சென்னையிலிருந்து வந்த பாடகி, இது தெரியாமல் ஆலாபனையை இழுத்துக்கொண்டே போனார். அண்ணன் நைசாக ஆர்மோனியத்தை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மா முறைத்த முறைப்பு இருக்கிறதே...

"பாட்டு எங்கயும் போவாதும்மா. அவங்க முடிச்சிக்கட்டும்" என்றார்.

பாங்கு முடிந்ததும், அந்த அம்மா விட்ட ஸ்வரத்தைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தார். முறைத்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வருஷ விழா இன்று சாயந்திரம்.

காலையில் அண்ணனின் மகள் ஜெனிபர் போன் செய்தபோது, நான் மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்களிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

"சித்தப்பா... அப்பா போய்ட்டாரு."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஐயோ... ஆர்மோனியம் வீட்ல இருக்குதா, சர்ச்சுல இருக்குதாம்மா?"

என் வாய்தான். எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. நீ தைரியமாக இரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயந்திரம் மேடைக்கு என்ன செய்வது... அதுதான் முதலில் ஓடியது.

அந்தப் பெண் அதற்கும் பதில் சொன்னாள்.

"வீட்லதான் சித்தப்பா. அனுப்பச் சொல்றேன்."

அனுப்பியும்விட்டாள். அண்ணன் இன்னும் வேலூரிலிருந்து வீடு வந்து சேரவில்லை. அதற்குள் அவருடைய ஆர்மோனியப் பெட்டி, அவர் வேட்டியில் சுற்றி, ஆட்டோவில் மண்டபத்துக்கு வந்துவிட்டது.

"விழா நடக்கணும்னுதான் அவரும் நெனப்பாரு சார்" என்கிறார்கள் கமிட்டியில். இருக்கலாம். நடத்துங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. வெட்கமாக இருக்கிறது.

அதே ஆட்டோவில் அதை ஏற்றிக்கொண்டு நானும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மடியில் வைத்துக்கொண்டுதான் இதை டைப் செய்கிறேன். மேடைக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தயவுசெய்து எனக்கு போன் செய்யாதீர்கள்.

ஜெனிபர் முகத்தை எப்படிப் பார்க்கப்போகிறேன் என்று தெரியவில்லை...

நீங்க வந்து சேர்றதுக்குள்ள பெட்டி உங்க வீட்ல இருக்கும்ண்ணே.