குதிரைக்கு இடம் இருக்கா?

என் மனைவிக்கு ஐம்பது வயதுக்கு மேல் குதிரை பிடித்துப்போனது. மற்றவர்கள் வீட்டில் அந்த வயதில் சர்க்கரை வரும், முட்டுவலி வரும். எங்கள் வீட்டில் குதிரை வந்தது.

நாங்கள் இருப்பது ரங்கூனில், பசுந்தாங் பேட்டையில், நாலாவது மாடியில். அவள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். எனக்குப் பபேடான் கடைத்தெருவில் நூல், பட்டன், ஜிப்பு விற்கும் கடை. இதில் குதிரை நுழைய வழியே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நுழைந்தது அவள் பள்ளியில் மேல் வகுப்பில் படித்த ஒரு பர்மியப் பெண்மணி மூலமாக. அந்த அம்மா மாட்டு டாக்டர். ஓய்வு பெற்றுவிட்டார். நகரத்தின் வடக்கு ஓரத்தில் மூங்கில் வேலி போட்ட ஒரு தோட்டத்தில் தனியாக இருக்கிறார். பக்கத்தில் இருந்த குதிரைச் சவாரிப் பள்ளியை மூடியபோது, போக்கிடம் இல்லாமல் நின்ற இரண்டு குதிரைகளைத் தன் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்று சிவப்புப் பெண் குதிரை. இன்னொன்று சாம்பல் நிறக் கிழவன். என் மனைவி அவரை ‘மமா’ என்பாள். பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மமாவைப் பார்க்கப் போனவள் முக்காட்டில் வைக்கோலோடு திரும்பி வந்தாள்.

“மச்சான், அந்தச் சிவப்பு என் தோள்ல தலையை வச்சிச்சு. அப்படியே நிக்கிது, நகரவே இல்ல.”

“நானும்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து வைக்கிறேன். இவ்வளவு சந்தோஷப்பட்டு நீ சொன்னதில்லையே.”

“நீங்க குறட்டை விடுவீங்க” என்றாள்.

அதன் பிறகு வாரா வாரம் போனாள். தேய்த்து விட்டாள், லாயம் கூட்டினாள். கடைசியில் ஏறியும் உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வலி போய்விட்டது என்றாள். எனக்குத்தான் அவள் போய்வரும் நாளெல்லாம் நெஞ்சு வலித்தது. எதிரே குதிரை வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போகிறவன் நான்.

குளிர்காலம் தொடங்கியதும் இரண்டு பேரும் கூடி ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். குதிரைகளை நகரத்துக்கு வெளியே எங்காவது கூட்டிப்போய், கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்குவது, காலையில் சவாரி. இடம் தேடும் வேலை எனக்கு.

“எனக்கு எதுக்கு?”

“ஊரு முழுக்க நூல் போடுறீங்க. உங்களைத் தெரியாதவங்க யாரு?”

புகழ்கிறாள் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். பிறகு மமா போனில் அழைத்து இடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார். தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும், மேயப் புல் இருந்தால் நல்லது, தரை கெட்டியாக இருக்க வேண்டும், கட்டிப்போடப் பலமான மரம் வேண்டும், முள்கம்பி கூடாது, அரளிச் செடி கூடவே கூடாது, ஒரு வாய் தின்றாலும் போச்சு. எனக்குப் பெண் பார்த்தபோது என் உம்மா இதில் பாதிகூட விசாரிக்கவில்லை.

“சரி மமா, நமக்கு என்னென்ன வேணும்?” என்று கேட்டேன்.

“நமக்கென்ன? எங்கேயாவது படுத்துக்குவோம்.”

இப்போது ரங்கூனைச் சுற்றிக் கூடாரம் போட்டுத் தங்கும் இடங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. என் மகள் போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். நான் ஒவ்வொன்றாக அழைத்தேன்.

“எத்தனை பேரு?” என்றான் முதல் இடத்துப் பையன்.

“மூணு பேரு. ரெண்டு குதிரை.”

“மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லீங்க.”

“மோட்டார் சைக்கிள் இல்ல தம்பி. குதிரை. நாலு கால் இருக்கும்.”

அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு விசாரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “பொம்மையா?”

இன்னொரு இடத்தில் ஒரு பெண் ரொம்ப மரியாதையாக, “குதிரை கூடாரத்துக்குள்ள தூங்குமா, வெளியில தூங்குமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் டியூஷனுக்கு வந்திருந்த பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒருவர் மட்டும் உடனே சரி என்றார். ஹ்லெகூ பக்கம். நாங்கள் மூன்று பேரும் ஒரு காலையில் வாடகைக் காரில் பார்க்கப் போனோம். வாசலில் இதய வடிவத்தில் ஒரு வளைவு. உள்ளே மரத்துக்கு மரம் வண்ண விளக்கு, ஆளுயர ஸ்பீக்கர், வெள்ளை வெளேரென்று கூடாரங்கள். உரிமையாளர் ஓடி வந்து வரவேற்றார்.

“குதிரையை இந்த வளைவுக்குப் பக்கத்துல நிறுத்துவோம். பூமாலை போடுவோம். வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துக்கட்டும்!”

மமா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். பச்சைப் பசேல் என்று இருந்தது. என் மனைவியும் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை.

“மச்சான், இது பிளாஸ்டிக்.”

“புல்லுன்னுதானே கேட்டீங்க? புல்லு காட்டிட்டேன்.”

“இதைத் தின்னா அது போடுற சாணியை உங்க கடையில பட்டனா விக்கலாம்” என்றாள்.

அடுத்து த்வாண்டே. அங்கே எனக்குத் தெரிந்த தையற்கடைக்காரர் ஒருவர், கால்வாய்க் கரையில் அருமையான இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார். அருமையாகத்தான் இருந்தது. படகுகள் போய்க்கொண்டிருந்தன, காற்று வீசியது, கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. மமா செருப்புக் குதிகாலால் தரையை ஒரு மிதி மிதித்தார். குதிகால் உள்ளே போனது. பிறகு கரையில் இறங்கி, கையில் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்பு ஏறிடுச்சு.”

“லேசாத்தானே மமா?”

“அக்கோ, உங்க டீயில லேசா உப்புப் போட்டா குடிப்பீங்களா?”

அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் அந்த ‘அக்கோ’வை அவர் கோபத்தில்தான் அழுத்திச் சொல்வார். நான் காருக்கு நடந்தேன். வழியில் சேற்றில் ஒரு கால் முழங்கால் வரை போய், செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. “தரை கெட்டியாத்தான் இருக்கு மச்சான்” என்றாள் என் மனைவி. அவள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் அதைச் சொன்னாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒற்றைச் செருப்போடு போக முடியாது, காலையாவது கழுவ வேண்டும் என்று வழியில் ஒரு வீட்டில் நிறுத்தினோம். பானை செய்யும் வீடு. முற்றம் முழுக்க இன்னும் சுடாத பச்சைப் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. என் வயதுக்காரியான ஒரு அம்மா சுருட்டுப் பிடித்தபடி வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு வாளித் தண்ணீரை என் கால் மேல் ஊற்றினார். நான் கழுவிக்கொண்டிருக்கும்போதே மமாவும் என் மனைவியும் வீட்டின் பின்பக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கே ஒரு மாந்தோப்பு. பானைக்கு மண் எடுத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கித் தெளிந்து குளமாக நின்றது. வண்டி மாடு கட்டிய பழைய முளைகள்கூட அப்படியே இருந்தன. மமா குதிகாலால் மிதித்தார். தரை அசையவில்லை. தண்ணீரை நாக்கில் வைத்தார். துப்பவில்லை.

பானைக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

“குதிரை பானையை உடைக்குமா?”

“பின்வழியாக் கூட்டிட்டு வந்துடுவோம். முற்றத்துப் பக்கமே வராது” என்றார் மமா.

“இவரு?” என்று என்னைக் காட்டினார். நான் கால் வழுக்கி ஒரு பானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“இவரையும் பின்வழியாவே கூட்டிட்டு வர்றோம்” என்றாள் என் மனைவி.

நாங்கள் வருவதாகச் சொன்ன வாரம் சூளை மூட்டப்போவதில்லை, புகை இருக்காது, தாராளமாக வாருங்கள் என்றார். வெளியாள் தங்கினால் வார்டு ஆபீஸில் சொல்ல வேண்டும் என்பதால் அவர் கணவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேர் என்று எழுதிக்கொண்ட ஆள், குதிரையை ஆணாகப் போடுவதா பெண்ணாகப் போடுவதா என்று கேட்டாராம்.

ஒரு சின்ன லாரியில் குதிரைகளை ஏற்றி, ஹ்லைங் தாயா வழியாகச் சுற்றிக்கொண்டு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். நாட்டில் நிலைமை சரியில்லாத இந்தக் காலத்தில் இருட்டிய பிறகு யாரும் சாலையில் போவதில்லை. எங்கே போனாலும் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கிழவன் லாரியிலிருந்து இறங்கினான், குளத்தில் வாயை வைத்து வயிறு நிறையக் குடித்தான், ஒரு மாமரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான் அவனுக்கு. சிவப்புதான் குடிக்க மாட்டேன் என்றது. குளத்துக்கு இழுத்தார்கள். முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியது. வாளியில் கொடுத்தார்கள். மூக்கால் தள்ளிவிட்டது. பானைக்கார அம்மா கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். அதுவும் வேண்டாம்.

“பழகின தண்ணி வேணும் இதுக்கு” என்றார் மமா. முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வெயில் சாயச் சாய அந்தச் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர் குடிக்காமல் வைக்கோல் தின்றால் குதிரைக்கு வயிற்றுவலி வரும், வந்தால் பெரிய ஆபத்து என்று சொல்லி, வைக்கோலையும் எடுத்துத் தள்ளி வைத்தார். என் மனைவி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது பேசிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அவளை அதுவரை குதிரையை வைத்துக் கேலி பண்ணியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஏதாவது செய்யலாம் என்றால் எனக்குத் தெரிந்தது பட்டன்.

தள்ளிப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். பானைக்கார அம்மா வெறும் டீயும் ஒரு தட்டில் பனைவெல்லக் கட்டிகளும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பக்கத்தில், வந்ததும் அவரிடம் வாங்கிய வாயகன்ற புதுப்பானையில் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர். ஒரு கட்டியை எடுத்து வாயில் போடப் போகும்போது காதருகே பெருமூச்சு கேட்டது. திரும்பினேன். ஒரு முழ தூரத்தில் அந்தச் சிவப்பு முகம். நீளக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். அது வெல்ல வாசம் பிடித்து வந்துவிட்டது.

நான் எழுந்தது தெரியும். தட்டு எப்போது கவிழ்ந்தது என்று தெரியாது. அடுத்து நினைவிருப்பது ஒரு மாமரத்தின் பின்னால் நான் நின்றது. வெல்லமெல்லாம் பானைத் தண்ணீருக்குள் விழுந்திருந்தது. சிவப்பு உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தது, உதட்டை நனைத்தது, பிறகு காதுகள் அசைய அசைய இழுத்துக் குடித்தது.

மமா ஓடி வந்தார். “அக்கோ! இனிப்புப் போட்டுக் கொடுக்கலாம்னு படிச்சிருக்கேன், பதட்டத்துல எனக்கே மறந்துபோச்சு. உங்களுக்கு எப்படித் தோணுச்சு?”

நான் மரத்தின் பின்னாலிருந்து வந்து, லுங்கியைச் சரிசெய்துகொண்டு, “ஏதோ தோணுச்சு” என்றேன்.

“அவரு ஓடினதை நான் பார்த்தேன் மமா” என்றாள் என் மனைவி. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அதன் பிறகு வாளிக்கு ஒரு வெல்லக் கட்டி. குளத்துத் தண்ணீரும் இனித்தது அதற்கு. மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் கால்வாய்ப் பாதையில் சவாரி கிளம்பினார்கள். ஊர்ப் பிள்ளைகள் பின்னால் ஓடின. என் மனைவி மேலேயிருந்து திரும்பி, “மச்சான், சோறு ஆக்கி வைங்க, வந்துடுறோம்” என்றாள். அவள் அவ்வளவு உயரத்திலிருந்து சொல்லும்போது மறுக்கத் தோன்றவில்லை. பருப்பும் கருவாடும் ஆக்கினேன். அடுப்புப் பக்கம் வந்து நின்ற பானைக்கார அம்மா, “நீங்க குதிரைக்காரங்க வீட்டுச் சமையல்காரரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது குளிர்காலம் தோறும் அங்கேதான் போகிறோம். போன தடவை என்னையும் ஏற்றிவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். கிழவன்தான் எனக்கு ஏற்றவன் என்று மமா சொன்னார். ஒரு முக்காலி போட்டு, முன்னால் ஒருத்தி இழுக்க, பின்னால் ஒருத்தி தள்ள, ஏறிவிட்டேன். அவன் தோப்பில் நாலைந்து அடி நடந்தான். எனக்குச் சுல்தான் மாதிரி இருந்தது. பிறகு நிழலான ஒரு மரத்தடியில் நின்று, ஒரு பின்னங்காலை மடக்கிக்கொண்டு, தூங்கிவிட்டான்.

“இறங்கவா?” என்று கேட்டேன்.

“இருங்க மச்சான், வயசானது. பாவம், எழுப்பாதீங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிவப்பைக் குளிப்பாட்டக் குளத்துக்குப் போய்விட்டார்கள். முக்காலியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பானைக்கார அம்மா வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கோப்பை டீ கொண்டுவந்து, எட்டிக் கையில் கொடுத்தார். குதிரையின் வயிறு என் கால்களுக்கு நடுவே மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டீ ஆறும் வரை ஊதி ஊதிக் குடித்தேன். எனக்கும் இறங்க ஒன்றும் அவசரமில்லை.