முப்பத்தெட்டு என்று சொல்லிப் பழகியவள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருவொற்றியூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் ஈசிஜி எடுப்பதற்காகக் காத்திருந்தேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பேப்பரோடு சரிபார்ப்பதுதான் நாள் முழுக்க.

மூன்று மாதமாக இடது தோளில் ஆரம்பித்துக் கை வரைக்கும் வலி. சாயங்காலமானால் விரல்கள் மரத்துப்போகும். இடது பக்கம் என்றால் இதயம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அண்ணன்கள் இருவரும் ஆளுக்கொரு ஊரில். பொங்கலுக்கு ஒரு போன், அவ்வளவுதான். அன்று வீட்டை விட்டுக் கிளம்பும்போது பெரிய அண்ணனின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பையில் வைத்தேன். எங்கேயாவது விழுந்துவிட்டால் தூக்குகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டுமே. கேஸை மூடினேன். பிரிட்ஜில் இருந்த பாலைக்கூடக் கொட்டிவிட்டுத்தான் வந்தேன்.

ஈசிஜி எடுக்கும் அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். பச்சைக் கோட்டு, கொண்டை.

“கூட யாரு வந்துகீறாங்க?”

“யாரும் வரல.”

அவர் திரையை இழுத்துவிட்டு, மேல் துணியைக் கழற்றச் சொன்னார். நான் தயங்கித் தயங்கிக் கழற்றினேன். மெஷினின் வயரைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாக்கா இது? ரெண்டு தோள்லயும் பள்ளம் வுழுந்து கீது?”

“பாடி பட்டை அழுத்தினது. எல்லாருக்கும் இருக்கிறதுதானே?” என்றேன். எங்கள் வீட்டில் அதற்குப் பாடி என்றுதான் பெயர். பிரா என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசும்.

அவர் வயர்களை ஒட்டி வேலையை முடித்தார். டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, தசை வலியாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அப்படியானால் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்ற யோசனையோடுதான் வெளியே வந்தேன். ஈசிஜி ரூம் வாசலில் அந்த அம்மா நின்றுகொண்டு கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

“இன்னா சைஸு போடுற?”

“முப்பத்தெட்டு.”

“முப்பத்தெட்டு சரி. ஏ-வா, பி-யா, சி-யா?”

எனக்குப் புரியவில்லை. அந்த எழுத்தை நான் அட்டைப்பெட்டியில் பார்த்திருக்கிறேன். முதல் தரம், இரண்டாம் தரம் மாதிரி ஏதோ தரக்குறியீடு என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது.

என் கதை அப்படி. ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார். ராயபுரத்தில் இரண்டு அண்ணன்களும் அப்பாவும் நானும் இருந்த ஒற்றை அறை வீடு. அப்பா ஹார்பரில் வேலை பார்த்தார். இதையெல்லாம் அவரிடம் எப்படிக் கேட்பது? ஒன்பதாம் வகுப்பில் நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். அதில் முப்பத்திரண்டு என்று இருந்தது. அதன்பிறகு எப்போது இறுக்கினாலும் நம்பரை இரண்டு கூட்டிச் சொல்வேன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், குனிந்த தலையோடு நம்பரைச் சொல்லி, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஓடிவருவேன். முப்பத்தெட்டு வரை அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

ஈசிஜி அம்மா இந்த வேலைக்கு வருவதற்கு முன் எம்.சி. ரோட்டில் உள்ளாடைக் கடையில் நாலு வருடம் நின்றவராம். அங்கே டேப் எதுவும் இல்லை. கட்டுப் போடும் துணிச் சுருளை எடுத்தார். முதலில் மார்புக்குக் கீழே, மூச்சை விடச் சொல்லி, இறுக்கிச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு. பிறகு மார்பின் மேல் தளர்வாகச் சுற்றி இன்னொரு கோடு. மேஜையில் ஸ்கேலை வைத்துத் துணியை அளந்தார்.

“கீழ முப்பத்தி நாலு. அதான் உன் நம்பரு. மேல முப்பத்தெட்டு. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ இஞ்சு வித்தியாசமோ அதான் அந்த எழுத்து. ஒண்ணுன்னா ஏ, ரெண்டுன்னா பி. உனுக்கு நாலு. நீ முப்பத்தி நாலு டி-க்கா. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், போட்டுப் பாத்துதான் எடுக்கணும். பாரம் முதுகச் சுத்துற பட்டையில நிக்கணும். உனுக்கு அது லூசா மேல ஏறிக்கினு போவுது. நீயும் தோள்பட்டைய இஸ்து இஸ்து இறுக்கிக்கினு கீற. மொத்தத்தையும் தோளு தூக்குனா வலிக்காம இன்னா பண்ணும்?”

அவர் பேசிக்கொண்டே போனார். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“இன்னாக்கா, இறுக்கிட்டனா?” என்று பதறினார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்தத் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக அவர் இரண்டு கைகளாலும் என்னைச் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. அப்பாவின் சாவுக்கு வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுததற்குப் பிறகு என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தூசி என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. ஈசிஜி கவரின் பின்பக்கம் அளவை எழுதிக் கொடுத்து, “கடக்காரன் முப்பத்தெட்டுதான்னு அடிச்சு சொல்வான், கேக்காத” என்றார்.

அப்படியே நடந்தது. முதல் கடையில், “இது உங்களுக்குப் பத்தாது மேடம்” என்றார்கள். “அளந்து பாத்தாச்சு. இருந்தா குடுங்க, இல்லன்னா வேற கடை பாக்கிறேன்” என்றேன். இந்தத் தடவை தலை குனியவில்லை. மூன்றாவது கடையில், ஒரு பெண் எடுத்துக் கொடுத்தார். உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். முதுகுப் பட்டை நேராக நின்றது. கையைத் தூக்கினேன், குனிந்தேன், சுழன்றேன். தோளில் கனம் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அண்ணன்களிடம் சொல்லக்கூடிய விஷயமா? ஆபீசில் எல்லாரும் ஆண்கள். கடைசிப் பெயர் வரைக்கும் போய்விட்டுப் போனைக் கீழே வைத்தேன். பால் இல்லாததால் வெறும் டீ போட்டு, ஜன்னல் பக்கம் நின்று குடித்தேன். கீழே டேங்கர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

வலி ஒரே நாளில் போய்விடவில்லை. மரத்துப்போவது மூன்று வாரத்தில் குறைந்தது. இரண்டு மாதத்தில் வலியும் நின்றது. அதைச் சொல்வதற்காக மட்டும் கிளினிக்குக்குப் போனேன். ரூம் வாசலில் கூட்டம்.

“இன்னாக்கா, மறுபடியும் வலியா?”

“இல்ல. சரியாப் போச்சு. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“அதுக்கா வேல வெட்டிய வுட்டு வந்தே? நல்லாரு, போ” என்று என் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருக்கலாமே என்று தெருமுனை வரை மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எனக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இல்லை என்று முப்பது வருடம் மனசுக்குள் புலம்பியிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடத்துத் தோழிகள், பக்கத்து வீட்டுப் பெண்கள், பஸ்ஸில் தினமும் கூட வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமாவது நான் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்பது, அந்த அம்மா தானாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறைக்கிறது.