கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெயர்

போன வாரம் காரைக்குடியில் ஒரு செல்போன் கடைக்குப் போயிருந்தேன். உறைகள் தொங்கும் பலகைக்குப் பின்னால் பழைய எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு ஒன்று சாய்ந்து நின்றது. சுரண்டியும் போகாத மஞ்சள் எழுத்து. பார்த்த உடனே மல்லிகைப்பூவும் வியர்வையும் சூடான ஒயரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அந்தக் காலத்து ரிசீவர் வாசனை. நீங்களும் முகர்ந்திருப்பீர்கள்.

பிளஸ் டூ முடித்துச் சும்மா இருந்த என்னைச் சித்தப்பா இதே ஊரில் இருந்த தன் பூத்தில் உட்கார வைத்தார். எனக்கோ கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்த நினைப்பு. வருகிறவர்களிடம் ஊர் என்ன, நம்பர் என்ன என்று விறைப்பாகக் கேட்பேன்.

கார்கில் சண்டை நடந்த சமயம் அது. வீட்டில் போன் இல்லாத பட்டாளத்துக் குடும்பங்கள் எங்கள் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தன. குன்றக்குடிப் பக்கமிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் ஞாயிறு காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள். மாமியார் கையில் ஒயர் கூடை, அதில் அவித்த கடலை. எனக்கும் ஒரு கை கிடைக்கும். பேச்சும் கிடைக்கும். "டிவியில மலையக் காட்டுறான் காட்டுறான், ஒரு மனுசன் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான்" என்பார்.

பட்டாளத்தில் இருந்த பையனுக்கு அந்த மாமியாரின் மாமனார் பெயரை வைத்திருந்தார்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதென்று மகனை 'அப்பு' என்றே கூப்பிட்டு வளர்த்தவர் அவர். மருமகளுக்கோ புருஷன் பெயர். அந்த அக்கா 'அவுக' என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவர் புருஷனும் போனில் "மிலிட்டரிக்காரன் பேசுறேன், எங்க வீட்ல வந்திருக்காகளா?" என்றுதான் கேட்பார். ஊர், நம்பர் கேட்ட நான் பெயரைக் கேட்டதே இல்லை.

மூன்று ஞாயிறு போன் வரவில்லை. "அங்குட்டு ஒயரு அந்துருக்கும்" என்று மாமியார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அக்கா கடலையை உரித்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வாய்க்குப் போகவில்லை; மடியில் குவிந்தது.

நாலாவது ஞாயிறு மணி அடித்தது. வேறு குரல், கோயம்புத்தூர்ப் பேச்சு. லீவில் வரும் வழியில், டெல்லியிலிருந்து பேசுகிறாராம். பட்டாளத்தில் கூட இருந்தவர்கள் வீட்டு நம்பரையெல்லாம் எழுதிக் கொடுத்தார்களாம். சீட்டு மழையில் நனைந்து, எந்த நம்பர் யாருடையது என்று தெரியவில்லையாம். ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில், மற்றவர்கள் நலம். "பேரைச் சொல்லுங்க, எப்படி இருக்கார்னு சொல்லிடறேன்."

அக்காவைக் கூண்டுக்குள் இழுத்து விஷயத்தைச் சொல்லி ரிசீவரைக் கொடுத்தேன். அவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்க்க? ரிசீவருக்குள் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள் என்று சொல்லும் புத்தி அன்று ராத்திரி பாயில் படுத்த பிறகுதான் எனக்கு வந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார் சொன்னார்: "சொல்லு ஆத்தா. எங்க மாமனாருகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமனார் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றது குரல்.

"சேவுகப்பெருமாள்!"

பக்கத்து டீக்கடைக்காரர் ஆற்றிய டீயோடு திரும்பிப் பார்த்தார். 

அக்கா முகத்தையே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மெல்ல அது கலைந்து, பல் தெரிந்தது. "பூட்ஸ் கடிச்ச புண்ணு மட்டுந்தானாம் அத்தை. கடுதாசி போட்டிருக்காகளாம்." மாமியார் ரிசீவரை வாங்கி, லைன் போனது தெரியாமல், "அப்பு, சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பூத்தை மூடி எத்தனையோ வருஷம். போன பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடிப் படியில் அக்காவைப் பார்த்தேன். மாமியார் இப்போது இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் செல் அடித்தது. திரையில் மீசை நரைத்த படம், பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"மூஞ்சிதான் தெரியுதுல்ல. பேரு அன்னைக்கு ஒருக்காச் சொன்னது போதும்டி" என்றவர், போனைக் காதில் வைத்து, "எங்குட்டு நிக்கிறீக?" என்றார்.

டீக்கடைக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வாயால் அந்தப் பெயரைக் கேட்டவர்களில், இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான்.