ஒஸ்லோவில் தேடிய வின்ட்சர் கோட்டை

2007 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் பெட்டியோடு நின்றேன்.

"நீங்கள்தானே சிவகாசிச் சுந்தரம் அண்ணை?"

பல வருடங்களாகக் கடிதத்தில் தபால்தலை பரிமாறிக்கொண்ட யோகேஸ்வரியின் குரலை அன்றுதான் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. நான் சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருப்பவன். இயந்திரம் பார்க்க ஜெர்மனிக்கு வந்த இடத்தில், இரண்டு நாளை மிச்சம் பிடித்துப் பறந்து வந்திருந்தேன்.

அவர் வீடு இருக்கும் ஹொல்ம்லியாவுக்கு உள்ளூர் ரயிலில் கால் மணி நேரம்தான். டிக்கெட் விலையை ரூபாயில் கணக்குப் போட்டு நான் விழித்தேன்.

"மாத்திப் பாக்காதேங்கோ அண்ணை. பிறகு இஞ்சை தண்ணியும் குடிக்கமாட்டியள்."

இரவு ஒன்பது மணிக்கும் சன்னலில் வெயில். அவர் கணவர் இடியப்பமும் சொதியும் பரிமாறினார். சாப்பிட்ட கையோடு யோகேஸ்வரி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தபால்தலைக் கண்காட்சிப் போட்டிக்கான தாள்களை விரித்தார். 1935இல் பிரித்தானிய அரசரின் வெள்ளிவிழாவுக்குக் குடியேற்ற நாடுகள் பலவும் ஒரே படத்தோடு வெளியிட்ட தபால்தலைகள்: அரசர் தலை, பக்கத்தில் வின்ட்சர் கோட்டை. மூன்று லண்டன் அச்சகங்கள் பங்கிட்டு அச்சடித்தவை.

"எல்லாரும் நாடு நாடாய்த்தான் அடுக்குவினம். நான் அச்சகம் அச்சகமாய் அடுக்கியிருக்கிறன். பல்லைப் பாருங்கோ."

ஒரு அச்சகத்தின் தபால்தலைகளில் ஓரப்பற்கள் பொடிப்பொடியாக இருந்தன. மற்ற இரண்டிலும் சற்றுப் பெரியவை. இலங்கைக்கு அச்சடித்தது அந்தப் பொடிப்பல் அச்சகம். அதன் அச்சுத் தகடு ஒன்றில், கோட்டையின் கோபுரத்தருகே ஒரு சாய்ந்த கோடு விழுந்துவிட, சில தலைகள் அந்தக் கோட்டோடே வெளிவந்தன. தாளில் அதற்கான இடம் மட்டும் காலி. நானும் அதைத்தான் வருடக்கணக்காகத் தேடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால்தலைச் சந்தையில் இருந்தோம். ஒரு வயதான நோர்வேக்காரரின் மேசையில் ஷூ பெட்டி நிறையக் குடியேற்ற நாட்டு வெள்ளிவிழாத் தபால்தலைகள். எதை எடுத்தாலும் பத்துக் குரோனர். ஆளுக்கொரு கைப்பிடி அள்ளிக்கொண்டோம். பல்லைப் பார்த்து ஒதுக்கியதில் முக்கால்வாசி கழிந்தது. மிச்சத்தில் இலங்கைத் தலைகள் ஏழெட்டு. ஒன்றின் மேல் லென்சை வைத்தேன்.

கோபுரத்தருகே கோடு!

யாராவது பேனாவால் கிழித்திருப்பார்களோ? வெளிச்சத்தில் சாய்த்தேன். மற்றக் கோடுகளைப் போலவே அதுவும் மையில் மேடிட்டு நின்றது.

யோகேஸ்வரி என் முகத்தைப் பார்த்துவிட்டு லென்சை வாங்கினார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஓம் அண்ணை. அதேதான்." தபால்தலையை என் உள்ளங்கையிலேயே வைத்தார். "நீங்கள் கண்டனீங்கள். இது உங்கட முத்திரை."

பிறகு தனியாக அந்தப் பெட்டியை அடிவரை கிளறினார். இன்னொன்று இல்லை. பத்துக் குரோனரைக் கொடுத்துத் தபால்தலையைச் சட்டைப்பையில் வைத்தேன்.

திரும்பும் ரயிலில் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொடுக்க மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஹொல்ம்லியாவில் இறங்கியதும் சொன்னேன்:

"தங்கச்சி, நாளைக்கு அந்தக் காலி இடத்துல இதை வைங்க."

"தந்திட்டுப் பிறகு கவலைப்படுவியள்."

"கண்டிப்பா கவலைப்படுவேன். அதனால கண்காட்சி முடிஞ்சதும் அனுப்பி வச்சிடுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் நடைமேடையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு காலை மண்டபம் திறந்ததும் ஓடினோம். நடுவர் ஒருவர் எங்கள் கோட்டையின் முன் குனிந்து, நிமிர்ந்து, சக நடுவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். யோகேஸ்வரி என் முழங்கையைப் பிடித்து நசுக்கினார். தபால்தலையின் கீழே சின்ன அட்டை; நோர்வேஜிய மொழியில் ஒரே வரி. அதை அவர் படித்துச் சொன்னார்: "கண்டெடுத்தவர்: சுந்தரம், சிவகாசி."

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தேர்தல் சுவரொட்டி என்று ஊரார் பெயரையெல்லாம் அச்சடித்தவன் நான். என் பெயரை அச்சில் பார்த்துப் பூரிக்க ஒஸ்லோ வரை போக வேண்டியிருந்தது. தபால்தலையோடு அந்த அட்டையையும் மறக்காமல் அனுப்பச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.